சித்தாள் கேட்க வந்தது

மே மாத வெயிலில் சிதம்பரத்தில் வீடு வீடாகப் போய், “எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைய சேருங்க” என்று கெஞ்சியவள் நான். பிள்ளைகள் குறைந்தால் எங்கள் தொடக்கப்பள்ளியில் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விடும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது கட்டட மராமத்து முடிந்திருக்கவில்லை. ஐந்து வகுப்புகளும் ஒரே வராந்தாவில். சிமெண்ட் தூசியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. செங்கல் சுமக்கும் சித்தாள் ஒருத்தி தினமும் வந்து, “டீச்சர், ஒண்ணு கேக்கணும்” என்பாள். கழிப்பறைச் சாவிக்காக இருக்கும் என்று நினைத்து, “எதுவா இருந்தாலும் மேஸ்திரிகிட்ட கேளும்மா” என்று நிமிராமலே அனுப்பிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணிப்பையோடு வந்து நின்றாள். கூடவே ஐந்து வயது மகள்.

“இங்க வேலை முடிஞ்சிடுச்சி டீச்சர். பண்ருட்டிக்குப் போறோம்.”

“என்னமோ கேக்கணும்னியே?”

“இவள ஒண்ணாவதுல சேத்துக்குவீங்களான்னு கேக்க வந்தேன். சேத்துக்கிட்டா இங்கயே வேற வேலை பாத்துக்கலாம்னு இருந்தேன்.”

“இப்பவே சேத்துக்கறேம்மா!”

“இருந்த ரூம காலி பண்ணிட்டேனே டீச்சர்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மே மாதம் நான் ஏறி இறங்கிய வீடுகளில், வேண்டாம் என்றவர்கள்கூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.