உறுத்துது என்றுதான் சொன்னேன்

ஜரிகை கழுத்தில் உரசும்போது ஒரு சத்தம் வரும். உப்புத்தாளைச் சுவரில் தேய்க்கிற மாதிரி... உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்கும். பல்லெல்லாம் கூசும்.

காஞ்சிபுரத்தில் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது என்று சிரிக்காதீர்கள். அப்பாவுக்கு, பெரிய காஞ்சிபுரம் என்கிற பகுதியில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன் வேலை. வருகிற கல்யாணப் பெண்களுக்கெல்லாம் புடவையை விரித்துக் காட்டி, "மகாலட்சுமி மாதிரி இருக்குதும்மா" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவர். அவர் வீட்டில் நான்.

எனக்கு இருபத்து நாலு வயதில் பெண் பார்க்க வந்தார்கள். நான் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு எப்போதுமே வராத காரியம் அது. "எவ்ளோ அடக்கமான பொண்ணு!" என்று மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப் போனார்.

இதே காரியத்துக்குத்தான் பள்ளிக்கூடத்தில் "திமிரு புடிச்சவ" என்று முட்டி போட வைத்தார்கள். பரவாயில்லை, ஒரு இடத்திலாவது பாஸ் ஆனோமே என்று நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க அப்பா வேலை செய்யும் கடைக்கே இரண்டு வீட்டாரும் வந்தார்கள். தலைக்கு மேல் டியூப்லைட் கொய்ய்ங் என்றது. நாலு பக்கமும் பேச்சு. புதுப் பட்டின் கஞ்சி வாசனை வேறு.

மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக ஒரு அரக்குச் சிவப்பை எடுத்து என் தோளில் போட்டார். தட்டிவிட்டேன். வேறொன்று போட்டார். அதையும் தட்டிவிட்டேன்.

"இன்னாம்மா ஆச்சி?"

"உறுத்துதுங்க."

அவ்வளவுதான் சொன்னேன். கடையே திரும்பிப் பார்த்தது.

பட்டு உறுத்தும் என்பது எங்கள் ஊரில் யார் மண்டையிலும் ஏறாத விஷயம். உலகமே வந்து வாங்கிப் போகிற பட்டு! அது போய் உறுத்துமா? அப்படியென்றால் உறுத்துவது மனசுதான் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

"பொண்ணுக்கு மனசு உறுத்துதாம்பா. வேற எங்கயோ மனசு இருக்குது போல... நல்லவேளை, இப்பவே வாயத் தொறந்துச்சி" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா எழுந்துகொண்டார். பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"யாரும்மா அந்தப் பையன்? எந்த ஜாதியா இருந்தாலும் சரி. சொல்லு, நானே போயி பேசுறேன்."

"யாரும் இல்லப்பா."

"என் மூஞ்சப் பாத்து சொல்லு."

என்னால் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பத் திரும்ப "யாரும் இல்லப்பா" என்றேன். பொய் சொல்கிறவள்தான் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று அவருக்கு யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வரன்களுக்கெல்லாம் இந்தக் கதை எனக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடும். சென்னையில் ஒரு வேலை தேடிக்கொண்டு, தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கல்யாணம் ஆகாததில் எனக்கொன்றும் குறையில்லை. ஆனால் அப்பா அந்தப் பையனை நம்பிக்கொண்டே செத்துப்போனார். அதற்குப் பிறகு நான் சென்னைக்கே குடிவந்துவிட்டேன்.

போன வருஷம் ஆபீஸில் தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஹாலாக்கினார்கள். போன் சத்தம், சிரிப்பு, சென்ட் வாசனை... ஒரு நாள் பாத்ரூமில் போய் உட்கார்ந்தவள் வெளியே வரவில்லை. கூட வேலை செய்யும் பெண்தான் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். பல தடவை போக வேண்டியிருந்தது. ஒரு நாள் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "சின்ன வயசுலேருந்து துணி ஏதாவது உறுத்துமா உங்களுக்கு?"

நான் அங்கேயே அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயதில், முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார்!

ஆட்டிசம் என்றார். வியாதியில்லை, சத்தமும் உரசலும் கூடுதலாகத் தாக்குவது, முகம் பார்க்க வராதது எல்லாம் சிலருக்குப் பிறவியிலேயே இப்படித்தான் என்றார். எனக்கு வந்ததோ கோபம். திமிர், கொழுப்பு, கல்நெஞ்சு, கள்ளத்தனம்... எத்தனை பட்டம் கொடுத்தீர்கள்! அத்தனை பேரில் ஒருவராவது "எங்க உறுத்துது, காட்டு" என்று கேட்டீர்களா? குழந்தைக்குச் சட்டை லேபிள் குத்தினால் உடனே கத்தரிக்கோலை எடுக்கத் தெரிகிறதே உங்களுக்கு!

போன மாதம் ஊருக்குப் போய் அம்மாவிடமும் அக்காவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பக்கத்தில் நகர்ந்து வந்து கேட்டாள்.

"அப்போ... நெஜமாவே யாரும் இல்லியாடி?"

இத்தனை வருஷம் கழித்து!

அம்மா மட்டும் முறைத்தாள். "அன்னிக்கே வெளங்குற மாதிரி சொல்லியிருக்கலாம்ல?"

"உறுத்துதுன்னு சொன்னனேமா. அதுக்கு மேல எப்படிமா சொல்றது?"

அம்மா என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"உங்கப்பா டெய்லி சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல மறைஞ்சி நின்னுக்கினு இருப்பாரு. நீ எவன்கூட வரேன்னு பாக்கறதுக்கு. இன்னிக்கும் ஒண்டியாத்தான் வந்தா, அந்தப் பாவி நம்ம புள்ளைய ஏமாத்திட்டான் போலன்னு சொல்லி அழுவாரு."

இல்லாத ஒருவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று என் அப்பா அழுதிருக்கிறார். இந்தக் கோபத்தை நான் யாரிடம் போய்க் காட்டுவது?

ஊரிலிருந்து திரும்பும்போது அந்தக் கடைக்குள் போனேன். இப்போது ஏசி, லிப்ட், பளபளவென்று கண்ணாடி. ஒரு கல்யாணப் பெண் தோளிலிருந்து புடவையைத் தள்ளிவிட்டு, "குத்துதுங்க" என்றாள். விற்கிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஜரிகைக்கு உள்பக்கம் மெல்லிசா காட்டன் வெச்சி தெச்சிக் குடுத்துடறோம் மேடம்."

அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த புடவைக்குப் போய்விட்டாள். ஒரு மீட்டர் காட்டன் துணி... என் விஷயமும் அவ்வளவுதான் இருந்தது.