மிதுனம் என்று சொன்னேன்

சூரன் பாரம். ஆளுயரத்துக்கு மேலே மரத்தில் செய்த உடம்பு. அடியில் இரண்டு நீளத் தடி. ஒரு தடிக்கு எட்டுப் பேர். ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறாம் நாள் பின்னேரம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு முருகனுக்கு முன்னால் ஓட வேண்டும். சும்மா ஓடுவதில்லை. முன்னால் பாய்ந்து, பின்னால் இழுபட்டு, சுழன்று, ஆட்டி ஆட்டி ஓட வேண்டும். தோளில் தோல் உரியும். மோதினால் பல் போகும். துணுக்காய்ப் பக்கத்தில் எங்கள் கோயிலில் இரத்தம் வராமல் ஒரு சூரன்போர் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வலது பக்கத்து முன்தடி என்னுடையது. ஒன்பது வருடம் பிடித்தேன். முன்தடிக்காரன் திரும்பினால்தான் சூரன் திரும்பும். ஒரு வருடம் விட்டால் பின்னால் நிற்பவன் பிடிப்பான். பிறகு அது அவனுடையது. அப்படித்தான் வழக்கம். எனக்குப் பின்னால் நின்றவன் என் மச்சான், மனைவியின் அண்ணன்.

மச்சானும் நானும் மரம் அரிகிறவர்கள். ஒரு வாள், இரண்டு பிடி. ஒரு பிடியில் அவன், மற்றதில் நான். இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதிகம் கதைக்க மாட்டோம். வாள் போய் வந்தால் காணும்.

மனைவிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. இரண்டாவது போனபோது அவளும் போகப் பார்த்தாள். அடுத்த ஐப்பசியில் ஆறு நாளும் விரதம் பிடித்தாள். தண்ணீரும் ஒரு மிடறு பாலும்தான். மூன்றாவது தங்கியது. நான் சொல்லப்போகிற ஐப்பசியில் அவளுக்கு ஏழாம் மாதம். இதுவும் போனால் இனி இல்லை என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தா.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சாத்திரியார் சைக்கிளில் வந்தார். பஞ்சாங்கத்தைப் பொலித்தீனில் சுற்றிக் காரியரில் கட்டியிருந்தார். சனி கும்பத்தில் நிற்கிறது என்றார். மகரம், கும்பம், மீனம் மூன்றுக்கும் ஏழரைச் சனி. கடகத்துக்கு அட்டமத்துச் சனி. அது எல்லாவற்றிலும் கெட்டது. இந்த நாலு ராசிக்காரரும் சூரன்போர் பார்க்கக் கூடாது. இரணைமடுப் பக்கத்தில் ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறது, அங்கே சூரன் இல்லை, அபிஷேகமும் அடுத்த நாள் திருக்கல்யாணமும்தான், அங்கே போகட்டும் என்றார். மற்ற எட்டு ராசியும் இங்கே நிற்கலாம்.

குண்டு போட வருகிற பொம்மரை ஓட்டுகிறவன் என்ன ராசி என்று ஒருவர் கேட்டார். சாத்திரியார் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒரு நாள் சனி வரும் என்றார்.

ஊரில் மண்ணெண்ணெயில் ஓடுகிற உழவு இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. அதன் பெட்டியில் இருபது பேர் போகலாம். ராசி கேட்டுக் கேட்டு ஆட்களை எழுதினார்கள். நான் இடபம். எனக்குத் தடை இல்லை. மனைவியின் ராசிதான் சிக்கல்.

அவள் புனர்பூசம். அந்த நட்சத்திரம் இரண்டு ராசியில் கிடக்கிறது. அவள் பிறந்த நாளில் விடியமுதல் பிறந்திருந்தால் மூன்றாம் பாதம், மிதுனம். பொழுது ஏறினபிறகு என்றால் நாலாம் பாதம், கடகம். அவளுடைய சாதகக் குறிப்புக் கொப்பி தொண்ணூறில் சண்டைக்கு ஓடின ஓட்டத்தில் போய்விட்டது. தாயும் தகப்பனும் இல்லை. அவள் பிறந்த வீட்டில் நின்றவர்களில் மிஞ்சியது மச்சான் ஒருவன். அப்போது அவனுக்கு எட்டு வயது.

கடகம் என்றால் நானும் அவளோடு இரணைமடுவுக்குப் போக வேண்டும். ஏழு மாதத்தில் தனியே விட முடியாது. நான் போனால் முன்தடி போகும்.

சாத்திரியார் கேட்டபோது மச்சான் அங்கே இல்லை. மிதுனம் என்று சொன்னேன். விடியமுதல் பிறந்தவள் என்றேன். அப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மச்சான் பின்னேரம் வந்தான். நான் வாளுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அவள் கடகம். நான் மருத்துவிச்சியைக் கூட்டிக்கொண்டு வரேக்கை வெயில் முகத்திலை அடிச்சது. அதுக்குப் பிறகுதான் அவள் பிறந்தவள்" என்றான்.

"உனக்கு முன்தடி வேணும். அதுதான் வெயில் அடிச்சது" என்றேன்.

"உனக்குத் தடியை விட ஏலாது. அதுதான் இருட்டாக் கிடந்தது."

முதல் அடி நான்தான் அடித்தேன். வாயில். அவன் ஒரு பல்லைத் துப்பிவிட்டு, கிடந்த மரத்துண்டால் என் நெற்றியில் போட்டான். கண்ணுக்குள் இரத்தம் வந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலே அவனுடைய கழுத்தைப் பிடித்தேன். மரத்தூளில் உருண்டோம். நான் கையை எடுக்கவில்லை. அவன் முழங்காலால் என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் கத்தவில்லை. அது கெட்ட சண்டை. கத்துகிற சண்டை கெதியில் முடியும்.

மனைவி ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து எங்களுக்கு மேல் ஊற்றினாள். நாய்களுக்கு ஊற்றுவதைப் போல.

"என்ரை ராசியை ரெண்டு பேரும் அடிபட்டுத்தான் எடுக்கப் போறியளோ?" என்று கேட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "இவர் சொன்னபடி நான் மிதுனமாவே இருக்கிறன் அண்ணை. இனிக் கை நீட்டினா ரெண்டு பேருக்கும் சோறில்லை" என்றாள்.

அவள் என்னை நம்பினாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாளும் மரம் அரிந்தோம். அவன் தன் பக்கம் இழுக்கும்போது வேண்டுமென்று கூட இழுத்தான். நானும் இழுத்தேன். வாள் வளைந்து இரண்டு முறை சிக்கியது.

ஆறாம் நாள் காலை உழவு இயந்திரம் இரணைமடுவுக்குப் போனது. மனைவி வாசல் படலையில் நின்று பார்த்தாள்.

பின்னேரம் சூரனைத் தூக்கினோம். மச்சான் எனக்குப் பின்னால். முதல் பாய்ச்சலிலேயே அவன் தடியை முன்னால் தள்ள, அது என் கழுத்து எலும்பில் இறங்கியது. நான் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நின்றேன். பின்னால் வந்த பாரம் முழுவதும் அவனுடைய நெஞ்சில் மோதியது. சனம் ஆர்ப்பரித்தது. அவர்களுக்கு அது சூரன்போர். யானைத்தலை அறுபட, சூரனுக்குச் சிங்கத்தலை மாட்டினார்கள். மடித்துக்கட்டிய என் வேட்டியில் இரத்தம் இறங்கியது. நெற்றிக் காயம் பிளந்திருந்தது. எனக்கு நோகவில்லை. இன்னும் மோத வேண்டும் போல இருந்தது.

மனைவி கேணிக் கட்டோடு நின்றாள். மற்றப் பெண்களோடு. அதை நான் கண்டேன்.

அப்போது பொம்மர் வந்தது. மேளத்துக்குள் சத்தம் முதலில் கேட்கவில்லை. யாரோ விழுந்து படுக்கச் சொல்லிக் கத்தினார்கள். கோயிலுக்குப் பின்னால் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குச் சனம் ஓடியது. தவில் அடித்தவர் தவிலோடு ஓடினார்.

வேல் படமுதல் சூரன் நிலத்தில் படக் கூடாது. பட்டால் ஊருக்கு ஆகாது என்று சொல்வார்கள். நான் தடியை விடவில்லை. அதற்காகத்தான் விடவில்லை என்று பிறகு பலருக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. விட்டால் மச்சான் பிடிப்பான் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

தோளில் பாரம் திடீரென்று இரண்டு மடங்காகியது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

மச்சான் கேணிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான்.

குண்டு கேணிக்கு அப்பால் விழுந்தது. சூரன் என் மேல் விழுந்தது. தொடை எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன், மரம் முறிவது போல. சிங்கத்தலை கழன்று உருண்டு போனது. மண் விழுந்து முடிந்தபிறகு பார்த்தேன். தவில்காரர் கிடந்தார். தலைப்பக்கம் பார்க்கக்கூடிய மாதிரி இல்லை. தவில் உடையாமல் பக்கத்தில் கிடந்தது. ஒரு பெண் தன் காலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கேணிக் கட்டின் கீழே மச்சான் குப்புறக் கிடந்தான். அவனுக்கு அடியில் அவள். அவனுடைய வலது கை தோளோடு போய்த் தோலில் தொங்கியது. அவள் வெளியே வந்தாள். முழுவதும் இரத்தம். அவளுடையது ஒரு துளியும் இல்லை. சீலையைக் கிழித்து அவன் தோளைக் கட்டினாள். நான் சூரனுக்கு அடியில் கிடந்து பார்த்தேன். எழும்ப முடியவில்லை.

அவன் ஏதோ கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது கேட்டது.

"துடிக்குது அண்ணை. பிள்ளை துடிக்குது."

உழவு இயந்திரம் இரணைமடுவில் நின்றது. எங்களை மாட்டுவண்டியில் மல்லாவி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வைக்கோலில் அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். அவன் முகம் சாம்பல் நிறம். செத்துவிடுவான் என்று நினைத்தேன். அதனால் கேட்டேன்.

"வெயில் அடிச்சதோ?"

"அடிச்சது" என்றான்.

மேலே கேட்கத் தேவை இல்லை. முன்தடி வேண்டிய ஆள் தடியை விட்டுவிட்டு ஓட மாட்டான்.

அடுத்த நாள் இரணைமடுவுக்குப் போனவர்கள் திருக்கல்யாணம் முடிந்து விபூதியும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்தார்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததை வழியில்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

மச்சான் சாகவில்லை. கையைத் தோளோடு எடுத்தார்கள். என் கால் கோணலாகப் பொருந்தியது. தையில் பெண்பிள்ளை பிறந்தது. உயிரோடு, சத்தத்தோடு. வாள் தாழ்வாரத்தில் தொங்கித் துருப்பிடித்தது. வேறு ஆளோடு அரிய எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஐப்பசிக்கு முன் சாத்திரியார் திரும்ப வந்தார். சனி இன்னும் கும்பத்தில்தான் என்றார். கோயில் முன்றலில் ஆட்கள் கூடி நின்றார்கள். மச்சானும் நின்றான், சேட்டின் வெறுமையான வலது கையை முடிந்து விட்டிருந்தான். சாத்திரியார் கொப்பியைப் பார்த்து என் மனைவி மிதுனம், இங்கே நிற்கலாம் என்றார்.

"கடகம்" என்றேன்.

"போன வருசம் மிதுனம் எண்டுதானே சொன்னனீர்?"

"பொய் சொன்னனான். தடிக்காக."

தவில்காரரின் மனைவியும் அங்கே நின்றா. நான் நிலத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

சாத்திரியார் எழுதியதை வெட்டினார். மச்சான் கிட்ட வந்தான். ஒரு வருடத்தில் என்னோடு பத்து வார்த்தை கதைத்திருக்க மாட்டான்.

"பெட்டியிலை எனக்கும் ஒரு இடம் விடுங்கோ சாத்திரியார்" என்றான். "நான் துலாம். எனக்கு அங்கை அலுவல் இல்லை. பிள்ளையை இவன் நொண்டிக்கொண்டு தூக்கி விழுத்திப்போடுவான்."

போகும்போது பிள்ளையை அவன்தான் வைத்திருந்தான், இடது கையில். எனக்குத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.