கூடையில் இருந்த சர்க்கரை

சியோமிட்டியை ஜெயிலுக்கு அனுப்ப இருந்தவள் நான்தான்.

கிட்டுயிப் பக்கம் எங்கள் மலையடிவாரத்தில் அவளிடம் விதை வாங்காத வீடு கிடையாது. பதினோரு வகைத் தட்டைப்பயறைச் சாம்பல் கலந்து சுரைக்குடுவைகளில் அடைத்து வைத்திருப்பாள். கடையில் வாங்கிய விதை கருகிப்போன வருடம் அவளுடைய கறுப்புப் பயறுதான் அறுபது நாளில் காய்த்து எங்கள் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது. வாய் மட்டும் பொல்லாதது. விதை கேட்டுப் போனால், "போன தடவ கொடுத்ததை ஆட்டுக்கா போட்ட?" என்று கேட்காமல் தரமாட்டாள்.

அந்த நவம்பரில் மழை இன்றோ நாளையோ என்றிருந்தது. யாரோ அவளைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டார்கள். விதை ஆய்வாளர் முசெம்பி வந்து, குடுவைகளை முற்றத்தில் இறக்கி எண்ணிக்கொண்டிருந்தான். பதிவில்லாத விதையை விற்றால் இரண்டு வருடம் வரை சிறை. அவள் போனால் குடுவைகளும் ஜீப்பில் போகும். இன்னும் விதை வாங்காத வீடுகளுக்கு ஒரு மணி மிஞ்சாது.

"நான் எங்க தம்பி வித்தேன்? சும்மாதான் கொடுக்கிறேன்," என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்தா நான் போய் நிற்க வேண்டும்? கையில் அவளுடைய கூடை. முந்தின வாரம் அதில்தான் விதை போட்டுக் கொடுத்திருந்தாள். எங்கள் காம்பா இனத்து வீடுகளில் யார் கூடையும் வெறுமனே திரும்பாது. நான் அரைக் கிலோ சர்க்கரை வைத்திருந்தேன்.

முசெம்பி எட்டிப் பார்த்தான். "இது எதுக்கு?"

"அக்கா விதை கொடுத்தாங்கல்ல, அதுக்கு..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப இதுதான் விலை." அவன் பேனாவைத் திறந்தான்.

"மும்புவா, உனக்கு இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா," என்றாள் சியோமிட்டி. பிறகு அவனிடம் திரும்பி, "தம்பிக்கு எந்த ஊரு?"

"முவிங்கி. இங்க பக்கந்தான்."

"உங்கம்மா கூடையை வெறுமனே அனுப்புவாங்களா?"

"சட்டத்துல கூடையெல்லாம் கிடையாதும்மா. விதைக்குப் பதிலா எது கொடுத்தாலும் வியாபாரம்தான்."

சாட்சிக்கென்று கறுப்புப் பயறை அள்ளினான். அவன் கொண்டுவந்த காகிதப் பை அடியோடு கிழிந்தது. சியோமிட்டி என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கி, சர்க்கரையை எடுத்துவிட்டு நீட்டினாள்.

"இதுல கொண்டுபோ. கூடையைத் திருப்பும்போது உள்ள நீ என்ன வைப்பேன்னு இப்பவே எழுதிக்கோ. அதுவும் வியாபாரம்தானே."

நீண்ட அவன் கை அப்படியே நின்றது. கடைசியில் பயறைக் குடுவையிலேயே கொட்டிவிட்டு, படிவத்தில் 'விதைக்கு அல்ல, சமையலுக்கு' என்று எழுதினான்.

"அடுத்து வர்றவரு நம்ம ஊர்ப்பக்கத்து ஆளா இருக்கமாட்டாரு, பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான்.

எனக்கு நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம். ஒருவனுடைய இரக்கத்தில் தப்பிக்க அவள் எதைத் திருடிவிட்டாள்?

மூன்றாம் நாள் மழை கொட்டியது. விதைத்தோம், அறுத்தோம். அடுத்த விதைப்புக்குப் போனபோதும் கூடை நிறையக் கொடுத்தாள்.

"திருப்பிக் கொண்டாரப்ப உள்ள ஒண்ணும் வைக்காத. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள்.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு வீட்டுக்கு வெறுங்கூடையோடு போனேன். அவள் உள்ளே பார்க்காமலேயே வாங்கி வைத்தாள். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். வெட்கத்தில் எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.