ஞானேஸ்வரியின் ரோமாபுரி

காப்புகளைக் கழற்றிக் கார் இருக்கையில் போட்டுவிட்டுத்தான் ஞானேஸ்வரி வயலில் இறங்குவாள். கையில் உலோகம் இருந்தால் கருவி குழம்பிவிடும். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே, கோதுமை அறுத்த நிலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் உலோகம் தேடும் அந்தக் கருவியை இடமும் வலமும் வீசியபடி நடப்பாள். அது கூவினால், "கத்தாதை, வாறன்" என்று குனிவாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அழைப்பு மணி அடிப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே குரல்தான். அவர்களுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

கருவி கணவருடையது. பாலேந்திரா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் ரோமாபுரியில் இருந்தார். இந்தப் பக்கத்து இளைஞர்கள் ரோமரின் படையில் சேர்ந்து பொற்காசுகளோடு ஊர் திரும்பினார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து பிடித்த பித்து. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் பேரரசு சரியத் தொடங்கிவிடும்.

"ரோம் ஒரு நாளில விழேல்லையப்பா. எல்லையில நிண்டவனுக்குச் சம்பளம் வராமல் விட்டுது. அவன் ஆயுதத்தை வைச்சிட்டு வீட்டை போயிட்டான்."

ஒவ்வொரு முறையும் அன்றுதான் கேள்விப்பட்டவர்போலத் துக்கப்படுவார்.

"இஞ்சருங்கோ, விழுந்தது விழுந்து போச்சு. சோறு ஆறுது" என்பாள் அவள்.

அந்த வயலில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பியர் மூடிகளும் துருப்பிடித்த ஆணிகளும்தான். அவர் காலமான பிறகு, கருவியை விற்றுவிடலாம் என்றாள் மகள் துவாரகா. ஞானேஸ்வரி அதற்குப் புதுப் பற்றரி போட்டாள். சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடிந்துவிடும் வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை.

போன செப்டெம்பரில் ஒருநாள், சோடாத் தகரப்பேணியின் மூடி வளையமாக்கும் என்று சலித்துக்கொண்டு தோண்டினாள். ஈர மண்ணில் மஞ்சளாக ஒரு காசு. கோத்துத் தொங்கவிடுவதற்கு மேலே ஒரு கண்ணி. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பாலேந்திராவின் படத்தடியில் வைத்தாள். மண்ணில் கிடைக்கும் பழம்பொன் அரசுக்குரியது, கொடுத்துவிட வேண்டும் என்று துவாரகா தொலைபேசியில் டேனிஷில் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். ஓம், ஓம் என்றாள் தாய். அந்த வாரம் முழுக்கக் காசு படத்தடியிலேயே இருந்தது.

அடுத்த வாரம் ஞானேஸ்வரி அதை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த பெண் காசைக் கண்டதும் குரல் தாழ்த்திப் பேசினாள். கடைசிக் காலத்துச் சக்கரவர்த்தி ஒருவரின் முகம். ரோமிலிருந்து பொன் வருவது மெல்ல நின்றுபோய்க்கொண்டிருந்த காலம். யாரோ இதைச் செலவழிக்க மனமில்லாமல் கழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்றாள். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். எழுத்தெல்லாம் மழுங்கி வழுவழுப்பாக இருந்தது. வருடக்கணக்காக ஒரு நெஞ்சில் உரசிய தேய்வாம்.

"எங்கட இவருக்கெல்லோ இதைச் சொல்ல வேணும்" என்றாள் ஞானேஸ்வரி தமிழில். அந்தப் பெண் புரியாமல் புன்னகைத்தாள். பிறகு படம் எடுப்பதற்காக, சக்கரவர்த்தியின் முகம் தெரியும்படி காசைக் கறுப்புத் துணியில் வைத்தாள்.

ஞானேஸ்வரி விரலை நீட்டி, தேய்ந்த பக்கம் மேலே வரும்படி அதை மெல்லத் திருப்பி வைத்தாள்.