பூட்டிக்குப் பிடித்த கேக்

ராயபுரத்தில் எங்கள் பூட்டியின் தெவசத்துக்கு இலை போட்டால், அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தாக வேண்டும். வெள்ளைக்காரர் பங்களாவில் பிள்ளை பார்க்கும் ஆயாவாக இருந்து, ஒற்றை ஆளாய் இரண்டு மகன்களை வளர்த்தவள் அவள். செத்து எத்தனையோ வருஷமாகியும் அவளுடைய ருசி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. மூத்த மகனான என் தாத்தா, அம்மாவுக்குக் கேக் என்றால் உயிர் என்பார். துறைமுகத்தில் வேலை பார்த்த சின்னத் தாத்தா, பிராந்தி என்பார். மதுவிலக்கு வந்ததும் பூட்டிக்குக் கலர் சோடா பிடிக்க ஆரம்பித்தது. படையல் முடிந்தால் அவரவர் சொன்னதை அவரவரே எடுத்துக்கொள்வார்கள். காக்கைக்குச் சோறும் கருவாடும்தான்.

ஐம்பதுகளில் ஒரு தெவசத்துக்குக் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு கிழவி வந்திருந்தாள். சிறுமியாக அதே பங்களாவில் பூட்டியோடு வேலை செய்தவள். இலையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இன்னா நைனா, கேக்கெல்லாம் கீது?"

"அம்மாவுக்கு இதுன்னா உசுருக்கா" என்றார் தாத்தா.

"அவ எங்க துன்னா? தொரசானி குடுத்தத அப்டியே முந்தானைல முடிஞ்சிகினு வூட்டுக்கு ஓடுவா. கேட்டா, 'எம் பெரிய புள்ளைக்கு இதுன்னா உசுரு'ம்பா."

அடுத்தது தன் முறைதான் என்று பயந்து, சின்னத் தாத்தா சோடாவை எடுத்துக்கொண்டு நழுவினார்.

தாத்தா அன்று கேக்கைத் தின்னவில்லை. துண்டின் முனையில் முடிந்து கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கொடுத்தார்.

எனக்குக் கேக் பிடிக்காது. அதை அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை.