கட்டை போடுகிறவளின் கால்

கம்பெனி விளம்பரத்தில் அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். முழங்காலோடு நின்றுவிடும் நீல ஸ்கர்ட், பளபளக்கும் மெல்லிய சட்டை, குதிகால் உயர்ந்த கறுப்புச் செருப்பு. பின்னால் பனி மூடிய மலை. அந்த மலை ஸ்டூடியோவில் தொங்கவிட்ட திரை. அசல் மலையில் அந்தச் சட்டையோடு நிற்க வைத்திருந்தால், படம் எடுத்தவனுக்குப் பற்கள் தந்தியடிக்கும் ஒருத்திதான் கிடைத்திருப்பாள்.

அவள் வேலை செய்தது சுற்றுலா பஸ்ஸில். காலையில் கடற்கரை டெப்போவிலிருந்து வண்டி கிளம்பும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மத்தியானம் அடிவாரத்தில் மழை. மாலைக்குள் கணவாய், அங்கே சாலையோரத் தண்ணீர்கூட உறைந்து கிடக்கும். ஒரே நாளில் இத்தனை பருவமும் பார்க்கலாம் என்றுதான் கம்பெனி டிக்கெட் விற்றது. பயணிகள் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுவருவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, வாந்திக்குப் பை கொடுத்து, வழியில் தெரிவதையெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறவளுக்கு மட்டும் கடற்கரையிலும் கணவாயிலும் அதே ஸ்கர்ட், அதே செருப்பு. எல்லோரும் அவளை 'பஸ் அக்கா' என்றார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

முன்பு வண்டியில் ஒரு கிளீனர் இருந்தான். கணவாய்ச் சரிவில், பயணிகள் படம் எடுக்க வண்டி நிற்கும் இடத்தில், முதலில் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவன் வேலை. அந்தச் சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. செலவைக் குறைக்கிறோம் என்று கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியது. கட்டை வண்டியிலேயே கிடந்தது. டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. ஆகவே கட்டை பஸ் அக்காவின் தலையில் விழுந்தது. கிளீனரின் வேலை வந்தது. அவனுடைய பூட்ஸும் கம்பளிக் கோட்டும் வரவில்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் கணவாய்ச் சாலை கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். குதிகால் வழுக்கியது. அவள் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. டிரைவர் பதறிப் பிரேக்கை இன்னும் ஓங்கி மிதித்தபோது சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. முட்டி போட்டபடியே கட்டையைத் தேடி எடுத்துப் போட்டாள். பிறகு ஏறி, பயணிகளுக்கு டீ கொடுத்தாள். அடிவாரம் வரும்வரை கால்விரல்கள் இருக்கும் உணர்வே இல்லை. இரண்டு விரல்கள் நீலம் பாரித்துவிட்டன. இன்னொரு தடவை இப்படி உறைந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

"பார்த்து இறங்கணும்மா. உனக்குக் கவனம் இல்லன்னா கம்பெனி என்ன பண்ணும்?" என்றார் மேனேஜர்.

இந்தப் பேச்சை எத்தனை பேர் எத்தனை இடத்தில் கேட்டிருப்பார்கள்! முன்பு தலையெழுத்து என்றார்கள், இப்போது கவனக்குறைவு என்கிறார்கள். வழுக்கும் செருப்பை மாட்டிவிட்டவன் இரண்டு கதையிலும் தப்பித்துக்கொள்கிறான்.

புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்தவள் அவள். அண்ணன் வீட்டில் இருந்தாள். வாடகையில் பாதி அவள் சம்பளம். அண்ணன், "வேலையை விட்டுடு" என்றான். பூட்ஸ் வாங்கப் போகிறேன் என்றதும், "பொம்பளைக்கு எதுக்குடி பூட்ஸ்? பட்டாளத்துக்கா போற?" என்று சிரித்தான்.

"உங்க தங்கச்சி வீட்டுல நடக்கல, பனியில நடக்கிறா. நீங்க ஒருநாள் அந்தச் செருப்பைப் போட்டு மாடிப்படி ஏறிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றாள் அண்ணி. அவள் பழைய துணிச் சந்தையில் கடை போட்டிருப்பவள். அண்ணன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அண்ணி அவளைச் சந்தைக்கு இழுத்துப் போனாள்.

"தடியா ஒரு கோட்டு வாங்கி மாட்டிக்கலாம்னு நினைக்காத. கீழ வேர்த்துச் சாவ. வெங்காயம் மாதிரி மெலிசு மெலிசா போடு. சூட்டுல ஒவ்வொண்ணா உரிச்சுக்கலாம்."

"உரிக்க உரிக்கக் கண்ணுல தண்ணி வருமே அண்ணி?"

"உனக்கு வராது. உங்க மேனேஜருக்கு வரும்."

உடம்போடு ஒட்டும் மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்று. நனைந்தால் சீக்கிரம் காயும் நீல பேண்ட். காற்றுப் புகாத, மடித்தால் கைப்பைக்குள் அடங்கும் மேல்சட்டை. பருத்திக் காலுறையை எடுத்தபோது அண்ணி பிடுங்கிப் போட்டாள். "ஈரம் குடிச்சா இது பனிக்கட்டிதான். கம்பளியில எடு." பூட்ஸ் கடையில் அண்ணி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் பள்ளங்களை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"நாள் பூரா நின்ன கால் இப்ப வீங்கியிருக்கும். இந்த நேரத்துல சரியா இருந்தாத்தான் சரி. காலுறையோட போடு. உள்ள விரலை ஆட்டு. ஆடுதா?"

"ஆடுது."

"ரெண்டு விரலும்?"

அவள் கொஞ்சம் தாமதித்து, "ரெண்டும்" என்றாள்.

மறுநாள் காலை டெப்போவில் மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேஷம் இது?"

"வேலை செய்யற வேஷம் சார்."

"பாசஞ்சர் படத்தைப் பார்த்துதான் டிக்கெட் எடுக்கிறான். படத்துல இருக்கிற மாதிரி வரணும்."

"அப்ப அந்தப் படத்தையே கூட்டிட்டுப் போங்க. கட்டையும் அதுவே போடட்டும்."

மேனேஜரின் முகம் சிவந்தது. "இன்னிக்கு நீ போக வேண்டாம். இனிமேலும் வேண்டாம்" என்றார். ஆள் தயாராகவே இருந்தது. அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். புது ஸ்கர்ட், புதுச் செருப்பு, முதல் வேலையின் சிரிப்பு.

"மன்னிச்சுக்கங்க அக்கா. எனக்கு எதுவும் தெரியாது."

"கட்டை போடணும்னு சொன்னாங்களா?"

"என்ன கட்டை?"

அதுவரை பஸ் அக்காவுக்கு இருந்தது வேலை போன பயம். அந்தக் கேள்வியைக் கேட்டதும் பயம் போன இடம் தெரியவில்லை. வண்டிக்குள் ஏறினாள், கட்டையை இழுத்து வந்தாள், வண்டிக்கு முன்னால் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"யார் கட்டை போடறாங்களோ அவங்க காலுக்கு முதல்ல பூட்ஸ் வரட்டும். அப்புறம் எந்திரிக்கிறேன்."

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். கம்பளித் தொப்பியும் கனத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தவர் அவர். சக்கரம் நகர்ந்த அந்த மாலையை அவரும் மறக்கவில்லை போலும்.

"கட்டை இல்லாம கணவாய்க்கு வண்டி ஏத்த மாட்டேன் சார்."

"கட்டை எதிர்லதானே கிடக்கு? எடுத்துட்டுக் கிளம்புய்யா!"

"கிடக்கு. மேல தங்கச்சி உக்காந்திருக்கே."

ஒரு பயணி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "எவ்வளவு நேரம்மா இந்தக் கூத்து?" என்று கத்தினார். அவள் ஒரு பூட்ஸையும் காலுறையையும் கழற்றி, கறுத்துப்போன இரண்டு நகங்களைக் காட்டினாள். "நீங்க மேல இறங்கிப் படம் எடுக்கும்போது வண்டி உருளாம நிக்குதே, அது இந்தக் காலாலதான் சார்." அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவரே முதல் ஆளாகக் கீழே இறங்கி வந்து மேனேஜரிடம், "என்ன சார் இதெல்லாம்?" என்றார்.

அப்போதுதான் டெப்போ ஸ்டோர்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், கிளீனருங்களுக்குன்னு வாங்கின புது பூட்ஸ் பீரோவுல அப்படியே இருக்கே. எல்லா சைஸும் இருக்கு."

"அது கிளீனருக்கு வாங்கினதுய்யா! இப்ப கிளீனர் போஸ்டே கிடையாதே. யார் பேர்ல கொடுப்ப?"

பயணிகளில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். மேனேஜருக்குத் தான் சொன்னது அப்போதுதான் தன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

பீரோ திறந்தது. பூட்ஸுக்குள் திணித்த காகிதம்கூடக் கலையவில்லை. அவள் விழுந்த அன்றும் அவை இங்கேதான் இருந்தன. அவள் விரல் நீலம் பாரித்த அன்றும் பீரோ பூட்டித்தான் கிடந்தது. கொடுக்க மறந்திருந்தால்கூடப் போகிறது என்று விடலாம். பேர் இல்லை என்பதற்காகக் கொடுக்கவில்லை! கட்டைக்குப் பேர் தேவைப்படவில்லை. யார் கையிலும் கொடுக்க முடிந்தது.

"சரி, ரெண்டு பேரும் போங்க. புதுசு பழகிக்கட்டும்" என்றார் மேனேஜர், ஏதோ தானே யோசித்துச் செய்த ஏற்பாடு போல. "ஆனா ஸ்கர்ட் வெளியில தெரியணும்."

பஸ் அக்கா பேண்ட்டுக்கு மேலேயே ஸ்கர்ட்டை மாட்டிக்கொண்டாள். புதுப்பெண்ணுக்கு பூட்ஸ் கொஞ்சம் பெரிது. பஸ் அக்கா தன் பையிலிருந்த மாற்றுக் கம்பளிக் காலுறையை எடுத்து, அவள் காலுறைக்கு மேலேயே போட வைத்தாள்.

கணவாயில் வண்டி நின்றது. "நான் போடறேன் அக்கா" என்று அந்தப் பெண் கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். உறைந்த சாலையில் பூட்ஸ் கவ்விப் பிடித்தது. கட்டை சக்கரத்தடியில் சரியாக உட்கார்ந்தது.

"வழுக்கவே இல்லக்கா! சுளுவா இருக்கு."

பஸ் அக்காவுக்குக் கம்பளிக்குள்ளும் அந்த இரண்டு விரல்கள் வலித்தன. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு சுளுவான காரியமா இது? பயணிகள் படம் எடுக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பின்சக்கரத்தருகே போய், சரியாகவே இருந்த கட்டையை பூட்ஸ் காலால் இன்னொரு தடவை ஓங்கி உதைத்து இறுக்கினாள்.