அத்தையின் அரிசிப் பையில் என் மஞ்சள் கவுன்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வையாகத் தைத்து, அதைச் சுவரில் மாட்டி, கலை என்று சொல்லிப் பிழைப்பவள் நான். ஜொகூர் பாருவில் முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, "பிள்ளைங்க போட்ட பழைய துணி இருக்கா?" என்று கேட்பேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் வராது. அத்தையை நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பாசிர் கூடாங் அடுக்குமாடி வீட்டில் அம்மா படுத்தே கிடந்தார். என்ன உடம்புக்கு என்று கேட்டால் எல்லாரும் பேச்சை மாற்றினார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் அக்கா பாலோ ஊரிலிருந்து ஒரு காலி அரிசிப் பையோடு வந்து இறங்கினார். வந்த மறுநாளே வீடு வீடாகப் பழந்துணி கேட்கக் கிளம்பிவிட்டார். என் தோழிகள் பார்த்துவிட்டார்கள். எனக்கு மானமே போயிற்று.

கேட்ட விதமும் சரியில்லை. புதுத்துணி கொடுத்தால் வேண்டாம் என்றார். பிள்ளைகள் ஓடியாடும் வீடுகளை மட்டும் தட்டினார். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், தன் மகனின் பத்தேக் பூச்சட்டையைக் கொடுத்தபோது அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விற்கத்தான் சேர்க்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பிறகு என் மஞ்சள் கவுன் காணாமல் போனது. தீபாவளிக்கு எடுத்தது. சின்னதாகிவிட்டாலும் அதன்மேல் எனக்கு உயிர். அரிசிப் பையைக் கொட்டினேன். பாதி தைத்த போர்வை விழுந்தது. அதன் நட்டநடுவில் என் மஞ்சள்.

"அத்தை திருடிட்டாங்க!" என்று கத்தினேன்.

அத்தை கோபப்படவில்லை. "யார் வீட்டுத் துணிய வச்சாலும் நடுவுல உன்னுதுதான் வரணும் லா," என்றார்.

"நான்தான்மா எடுத்துக் கொடுத்தேன்," என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பேரும் கூட்டு! என்னுடைய மிச்சத் துணிகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

தம்பி பிறந்தான். அந்தப் போர்வையில் சுற்றித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். வந்ததும் என் மஞ்சளை நனைத்தான்.

எனக்கும் அவனுக்கும் இடையில் பிறந்த இரண்டு பிள்ளைகள் வீடு வந்து சேரவே இல்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. பிள்ளை தங்காத வீட்டில், நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் துணியில்தான் அடுத்த பிள்ளையைக் கிடத்துவார்கள் என்பதும் தெரியாது. ஊரெல்லாம் கேட்டுச் சேர்த்த அத்தைக்கு, எங்கள் வீட்டில் எடுப்பதற்கு என் துணி ஒன்றுதான் இருந்தது.